உலோகத்தைப் பிடிக்கும் கொடுக்கு: கீலேஷன் சிகிச்சை எதற்கு, எதற்கு இல்லை

ரத்தப் பரிசோதனைக்குப் போனால், ஊதா மூடி போட்ட சிறு குழாய் ஒன்றில் ரத்தம் எடுப்பார்கள். ரத்த அணுக்களை எண்ணும் சோதனைக்கு அந்தக் குழாய்தான். உடலை விட்டு வெளியே வந்த ரத்தம் சில நிமிடங்களில் உறையத் தொடங்கிவிடும். ஆனால் அந்தக் குழாயில் உறையாது. குழாயின் உட்புறம் பூசியிருக்கும் ஈடிடிஏ என்ற வேதிப்பொருள்தான் காரணம். ரத்தம் உறையக் கால்சியம் வேண்டும். ஈடிடிஏ அந்தக் கால்சியத்தை இறுகப் பிடித்துக்கொண்டு விடுவதில்லை. கால்சியம் கைக்குக் கிடைக்காததால் உறைதல் நடக்காமல் போகிறது.

இந்த ஈடிடிஏதான் ஈய நச்சுக்கு மருந்தாகவும் இருக்கிறது. தவறான வடிவத்தில் உடலுக்குள் ஏற்றப்பட்டு உயிர்களைப் பறித்ததும் இதுவேதான். ஊதா மூடிக் குழாயில் நடப்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், உடலிலுள்ள உலோகத்தை இப்படிப் பிடித்து வெளியேற்றும் கீலேஷன் சிகிச்சை எங்கே காப்பாற்றுகிறது, எங்கே கைவிடுகிறது என்பது இரண்டுமே புரிந்துவிடும். கொடுக்குக்கு உலோகத்தைப் பிடிக்கத் தெரியும். அந்த உலோகம் நமக்கு வேண்டியதா வேண்டாததா என்பது அதற்குத் தெரியாது.

கொடுக்கு என்று சொல்வது வெறும் உவமை இல்லை. பெயரே அப்படித்தான் வந்தது. நண்டின் கொடுக்கைக் குறிக்கும் 'கீலே' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து, 1920இல் மார்கன், ட்ரூ என்ற இரண்டு வேதியியலாளர்கள் இந்தச் சொல்லை உருவாக்கினார்கள். ஒரு மூலக்கூறு இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் ஒரே உலோக அயனியைப் பற்றிக்கொள்வதுதான் கீலேஷன். தமிழில் கொடுக்கிணைப்பு என்கிறோம்.

பல கைகளால் பிடிப்பதில் என்ன அவ்வளவு வித்தியாசம்? ஒற்றைக் கையால் பிடித்திருக்கும் மூலக்கூறு நழுவினால் உலோகத்தை விட்டு விலகிப் போய்விடும். ஆறு கைகளால் பிடித்திருக்கும் ஈடிடிஏயின் ஒரு கை நழுவினாலும், மற்ற ஐந்தும் உலோகத்தை அருகிலேயே வைத்திருக்கின்றன. நழுவிய கை மறுபடி வந்து பற்றிக்கொள்ளும். இன்னொரு காரணமும் உண்டு. நீரில் கரைந்த உலோக அயனியைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒரே ஒரு கொடுக்கு உள்ளே நுழைந்தால், அதுவரை கட்டுண்டிருந்த பல நீர் மூலக்கூறுகள் விடுபட்டு ஓடுகின்றன. கட்டுண்டவை குறைந்து, சுதந்திரமாக அலைபவை கூடும் நிலையை இயற்கை எப்போதும் விரும்பும். கொடுக்குப் பிடி அவ்வளவு உறுதியாக இருப்பதில் பெரும்பங்கு இதற்குத்தான்.

இது ஆய்வுக்கூடத்தில் பிறந்த தந்திரமும் இல்லை. ரத்தத்தின் ஹீமில் இரும்பையும், இலையின் பச்சையத்தில் மெக்னீசியத்தையும், பி12 வைட்டமினில் கோபால்ட்டையும் பிடித்து வைத்திருப்பவை எல்லாம் இத்தகைய கொடுக்குகள்தான். டெட்ராசைக்ளின் மாத்திரையைப் பாலோடு விழுங்கக் கூடாது என்பதும் இதனால்தான்: மாத்திரை பாலிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு, உடலில் சேராமல் குடலோடு போய்விடும்.

சரி, இது எப்படி மருந்தானது? தொடக்கம் ஒரு போர் நஞ்சில் இருக்கிறது. லூயிசைட் என்பது ஆர்சனிக் கலந்த நச்சுப்பொருள். தோலில் பட்டால் கொப்புளம் எழும், மூச்சில் போனால் நுரையீரல் வெந்துவிடும். இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது, எதிரி அதை வீசினால் என்ன செய்வது என்ற கவலை பிரிட்டனுக்கு இருந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் ருடால்ஃப் பீட்டர்ஸின் குழு அந்த வேலையை எடுத்துக்கொண்டது. செல்கள் சர்க்கரையிலிருந்து ஆற்றல் எடுக்க உதவும் நொதிகளை அவர் முன்பிருந்தே ஆராய்ந்து வந்தவர். அந்த நொதி அமைப்பில் கந்தகம் கொண்ட இரண்டு கைகள் அருகருகே இருக்கின்றன. ஆர்சனிக் அவை இரண்டையும் ஒருசேரப் பற்றிக்கொண்டு நொதியை முடக்கிவிடுகிறது. அப்படியானால் அதே மாதிரி அருகருகே இரண்டு கந்தகக் கைகள் கொண்ட ஒரு சிறிய மூலக்கூறைக் கொடுத்தால், ஆர்சனிக் நொதியை விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொள்ளாதா? பிடித்துக்கொண்டது. ஸ்டாக்கென், தாம்ப்சன் இருவரும் அதில் முக்கியப் பங்கு வகித்தார்கள். போர் முடியும்வரை ரகசியமாக இருந்த இந்த ஆய்வு 1945இல் வெளியானது. மருந்தின் பெயர் டைமெர்காப்ரால். 'பிரிட்டிஷ் லூயிசைட் முறிப்பான்' என்ற பொருள்படும் மூன்று எழுத்துகளில், பிஏஎல் என்றே மருத்துவர்கள் இன்றும் அழைக்கிறார்கள்.

நஞ்சு உடலில் எதைத் தாக்குகிறது என்று முதலில் புரிந்துகொண்டு, அதே இடத்தைப் போல ஒரு பொறியைச் செய்து வைத்தார்கள். இத்தனை தெளிவாக யோசித்து உருவாக்கிய மருந்துகள் அந்தக் காலத்தில் மிகக் குறைவு. இதை எப்போது படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. ஆனால் மருந்து கடுமையானது. கடலை எண்ணெயில் கரைத்துத் தசைக்குள் ஆழமாக ஊசி போட வேண்டும், வலி அதிகம், நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்குக் கொடுக்க முடியாது. அப்புறம் இன்னொரு சிக்கலும் தெரிந்தது. இந்தக் கொடுக்கு கொழுப்பில் எளிதாகக் கரையும் என்பதால், தான் பிடித்த பாதரசத்தை மூளைக்குள்ளேயே கொண்டுபோய்ச் சேர்த்துவிடக்கூடும். அதனால் மெத்தில் பாதரச நச்சுக்கு இதைக் கொடுப்பதில்லை. பிடித்தால் மட்டும் போதாது, பிடித்ததை எங்கே கொண்டுபோகிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்ற பாடம் அங்கேயே தொடங்கிவிட்டது.

ஈயத்துக்கு வருவோம். ஈடிடிஏயை 1930களில் ஜெர்மனியில் ஃபெர்டினண்ட் மூன்ஸ் உருவாக்கினார். நீரிலுள்ள கால்சியத்தைக் கட்டுப்படுத்தத் துணித் தொழிலுக்குத் தேவைப்பட்டது. 1950களில் அது ஈய நச்சுக்கு மருந்தாக வந்தது. இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். ஈடிடிஏ கால்சியத்தைப் பிடிப்பதைவிட ஈயத்தை ஒரு கோடி மடங்குக்கும் மேல் உறுதியாகப் பிடிக்கும். ஆனால் ரத்தத்தில் ஈயம் துளியளவு, கால்சியமோ ஏராளம். வெறுங்கையோடு உள்ளே போகும் ஈடிடிஏ முதலில் கையில் அகப்படும் கால்சியத்தைத்தான் அள்ளும். அதனால் மருந்தாகத் தரும்போது, கொடுக்கில் முன்கூட்டியே கால்சியத்தை வைத்து நிரப்பி அனுப்புகிறார்கள். அதற்குப் பெயர் கால்சியம் டைசோடியம் ஈடிடிஏ. ஈயத்தைச் சந்தித்ததும் அது கால்சியத்தைக் கீழே வைத்துவிட்டு ஈயத்தைத் தூக்கிக்கொள்கிறது. சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது.

குடலில் அது சரியாக உறிஞ்சப்படாது, ஊசியாகத்தான் போட வேண்டும். பிறகு சக்சிமர் வந்தது. பிஏஎல் மருந்தின் நெருங்கிய உறவு, ஆனால் நீரில் கரைவது, வாய்வழியாகத் தரக்கூடியது. குழந்தைகளின் ஈய நச்சுக்கு 1991இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி, 10 வயது வரையிலான குழந்தைகளின் ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 45 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ ஈயம் இருந்தால் கீலேஷன் சிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது. ஆனால் 5 மைக்ரோகிராம் இருந்தாலே, ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடிக் கண்டுபிடித்து நிறுத்த வேண்டும். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது.

5க்கும் 45க்கும் நடுவே இருக்கும் குழந்தைக்கும் மருந்து கொடுத்து ஈயத்தை எடுத்துவிட்டால் என்ன? இந்தக் கேள்வியை அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு நேராகவே சோதித்தது. ரத்தத்தில் 20 முதல் 44 மைக்ரோகிராம் வரை ஈயம் இருந்த 780 குழந்தைகளில் பாதிப் பேருக்குச் சக்சிமரும் மீதிப் பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரையும் கொடுத்தார்கள். 2001இல் முடிவு வந்தது. சக்சிமர் எடுத்த குழந்தைகளுக்கு ரத்த ஈயம் இறங்கியது. அறிவுத்திறன், நடத்தை, கவனம் இவற்றை அளந்த தேர்வுகளில் இரு குழுவுக்கும் வித்தியாசமே இல்லை. நரம்பு மண்டலத்துக்கு நேர்ந்த சேதத்தை, ரத்தத்திலிருந்து ஈயத்தை எடுத்ததால் திருப்ப முடியவில்லை. மேலும் உடலில் உள்ள ஈயத்தில் பெரும்பகுதி எலும்பில் தங்கியிருக்கிறது. மருந்தை நிறுத்தியதும் எலும்பிலிருந்து மெல்லக் கசிந்து ரத்த அளவு மறுபடி ஏறும். பரிசோதனைத் தாளில் எண் குறைவதும் நோயாளி குணமாவதும் ஒன்று என்று நாம் எளிதாக நினைத்துவிடுகிறோம். இந்த ஆய்வு அந்த நினைப்பை உடைத்தது.

அதற்காக மருந்து வீண் என்று ஆகிவிடாது. நைஜீரியாவின் சம்ஃபாரா மாநிலத்தில் 2010இல், தங்கத் தாதுவை வீடுகளிலேயே உடைத்து அரைத்ததில் பரவிய ஈயத் தூசியால் 400க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு அங்கே சக்சிமரைக் கொண்டு சிகிச்சை நடத்தியது. வலிப்பும் மயக்கமுமாக வந்த குழந்தைகளுக்கு அது வாழ்வுக்கும் சாவுக்கும் நடுவே நின்ற மருந்து. அங்கேயும் வீட்டு முற்றங்களின் மண்ணை அகற்றிச் சுத்தம் செய்யும் வேலை சிகிச்சையோடு சேர்ந்தே நடக்க வேண்டியிருந்தது. ஈயம் படிந்த மண்ணுக்கே குழந்தையைத் திருப்பி அனுப்பினால் மருந்தால் பயனே இருக்காது.

செம்பின் கதை வேறு மாதிரி. 1912இல் கின்னியர் வில்சன் விவரித்த நோய் ஒன்றில், கல்லீரலால் செம்பைப் பித்தத்தில் வெளியேற்ற முடிவதில்லை. செம்பு கல்லீரலிலும் மூளையிலும் படிகிறது. கண்ணின் கருவிழி ஓரத்தில் பழுப்பு வளையமாகவும் தெரியும். நடுக்கம், பேச்சுக் குழறல், கல்லீரல் செயலிழப்பு, மரணம் என்று போகும் நோய் அது. ஜான் வால்ஷி என்ற மருத்துவர், பெனிசிலின் எடுத்தவர்களின் சிறுநீரில் பெனிசிலமைன் என்ற சிதைபொருளைக் கண்டிருந்தார். அதன் அமைப்பைப் பார்த்தால் செம்பைப் பிடிக்கும் என்று தோன்றியது. 1956இல் அதை மருந்தாக அறிவித்தார். வாயால் விழுங்கும் மாத்திரை, ஆயுள் முழுவதும். பெனிசிலமைன் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு டிரையென்டின் என்ற இன்னொரு கொடுக்கையும் அவரே பின்னால் கொண்டுவந்தார். சிலருக்கு மருந்து தொடங்கியதும் நரம்புக் கோளாறு முதலில் மோசமாவதும் உண்டு. அதனால் சிறு அளவில் தொடங்கிக் கூட்டுகிறார்கள். உரிய நேரத்தில் கண்டுபிடித்து மருந்தை விடாமல் எடுப்பவர்கள் இன்று மற்றவர்களைப் போல வாழ முடிகிறது.

கீலேஷன் மருத்துவம் அதிக உயிர்களைத் தாங்கி நிற்பது எங்கே என்று கேட்டால், நான் இரும்பைத்தான் சொல்வேன். தலசீமியா நோயில் உடலால் போதிய ஹீமோகுளோபின் செய்ய முடியாது. கடுமையான வகை என்றால், மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியாக வேண்டும். ஒரு யூனிட் ரத்தத்தோடு 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு உள்ளே வருகிறது. மனித உடல் நாளொன்றுக்கு இழக்கும் இரும்போ 1 மில்லிகிராம், மிஞ்சினால் 2. கூடுதலை வெளியே தள்ள உடலில் எந்த வழியும் இல்லை. மாதம் இரண்டு யூனிட் என்று வைத்துக்கொண்டால், ஓர் ஆண்டில் சேர்வது 5 கிராமுக்குப் பக்கம். ஒரு வளர்ந்த மனிதரின் உடலில் இருக்கும் மொத்த இரும்பே 3, 4 கிராம்தான்! அந்தக் கூடுதல் கல்லீரலில் படிகிறது, வளர்ச்சியையும் பருவமடைதலையும் நடத்தும் சுரப்பிகளில் படிகிறது, கடைசியில் இதயத் தசையில் படிகிறது. உயிர் காக்க ஏற்றிய ரத்தமே, கீலேஷன் இல்லாவிட்டால், இளம் வயதிலேயே இதயத்தை நிறுத்திவிடும்.

இதற்கு முதல் மருந்தைத் தந்தது ஒரு மண் நுண்ணுயிர். இரும்பு எளிதில் கரையாத உலோகம் என்பதால், பாக்டீரியாக்கள் அதைப் பிடித்துவரத் தங்கள் கொடுக்கு மூலக்கூறுகளை வெளியே அனுப்புகின்றன. ஸ்ட்ரெப்டோமைசிஸ் பிலோசஸ் என்ற நுண்ணுயிரின் அத்தகைய கொடுக்கை, 1960 வாக்கில் சுவிட்சர்லாந்தில் சீபா மருந்து நிறுவனமும் சூரிக்கின் கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்களும் சேர்ந்து பிரித்தெடுத்தார்கள். டெஸ்ஃபெரியாக்சமைன் பிறந்தது. ஒரு மூலக்கூறு தன் ஆறு பிடிகளாலும் ஓர் இரும்பு அயனியைச் சுற்றி மூடிக்கொள்ளும். மருந்து சிறுநீரில் இறங்கும்போது இரும்போடு சேர்ந்து செம்பழுப்பு நிறம் தரும்.

குறை ஒன்றுதான், ஆனால் பெரிய குறை. வாயால் கொடுத்தால் பயனில்லை. ரத்தத்தில் ஏற்றினாலும் சில நிமிடங்களில் பாதி போய்விடும். அதனால் வயிற்றுத் தோலுக்கு அடியில் ஊசி செருகி, சிறு பம்ப் ஒன்றை இணைத்து, இரவு முழுக்க 8 முதல் 12 மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். வாரத்தில் ஐந்து, ஆறு இரவுகள். குழந்தையாக இருக்கும்வரை அம்மா செருகிவிடுவார். பதினாறு வயதில், நண்பர்களோடு ஓர் இரவு வெளியூரில் தங்கக்கூட முடியாத நிலையில், எத்தனை பேர் அந்த ஊசியைத் தள்ளிப்போட்டிருப்பார்கள்! தள்ளிப்போட்ட இரவுகள் இதயத்தில் கணக்காகச் சேர்ந்தன. மருந்து இருந்தும், அதை எடுக்க முடியாமல் இறந்த இளைஞர்கள் பலர். மருந்தின் திறமையைப் பற்றிப் பேசும்போது, ஒரு மனிதர் அதை ஆயிரக்கணக்கான இரவுகள் தொடர்ந்து எடுக்க முடியுமா என்பதையும் சேர்த்தே பேச வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

வாயால் விழுங்கும் மருந்துகள் அதைத்தான் மாற்றின. டெஃபெரிப்ரோன் சிறிய மூலக்கூறு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிடிகளே என்பதால் மூன்று சேர்ந்துதான் ஓர் இரும்பைச் சுமக்கும். ஆனால் சிறியதாக இருப்பதால் இதயச் செல்களுக்குள் எளிதாக நுழைந்து அங்கிருக்கும் இரும்பை எடுத்துவருகிறது. வெள்ளை அணுக்களைத் திடீரென வீழ்த்திவிடும் ஆபத்து இருப்பதால் அடிக்கடி ரத்தம் பார்க்க வேண்டும். காய்ச்சல் வந்தால் உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். டெஃபெராசிராக்ஸுக்கு மூன்று பிடிகள், இரண்டு சேர்ந்து ஓர் இரும்பைத் தூக்கும். நாளுக்கு ஒரு வேளை போதும். 2005இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இதில் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் கண்காணிக்க வேண்டும். இதயத்தில் எவ்வளவு இரும்பு படிந்திருக்கிறது என்று எம்ஆர்ஐ மூலம் அளக்க முடிந்த பிறகு, யாருக்கு எந்த மருந்து, எவ்வளவு என்று தீர்மானிப்பதும் துல்லியமாகிவிட்டது.

இங்கேயும் கொடுக்கின் குணம் மாறுவதில்லை. உடலில் இரும்பு குறைந்த பிறகும் அதே அளவு டெஸ்ஃபெரியாக்சமைனைத் தொடர்ந்தால் காது கேட்பதும் கண் பார்வையும் பாதிக்கப்படலாம், குழந்தையின் வளர்ச்சி தடைப்படலாம். அது ஒரு நுண்ணுயிரின் கருவி என்று சொன்னேன் அல்லவா? வேறு சில நுண்ணுயிர்களுக்கு அந்தக் கொடுக்கிலிருந்து இரும்பைத் தட்டிப்பறிக்கத் தெரியும். அதனால் இந்த மருந்து எடுப்பவர்களுக்கு மியூகோர்மைகோசிஸ் போன்ற பூஞ்சைத் தொற்று வரும் அபாயமும் கூடுகிறது.

உலோகத்தை வெளியே எடுக்க மட்டும்தான் கொடுக்கு என்றில்லை. எம்ஆர்ஐ படம் தெளிவாகத் தெரிய ஏற்றும் கடோலினியம் தனியாகப் போனால் நஞ்சு. கொடுக்குக்குள் பூட்டி அனுப்புவதால்தான் பாதுகாப்பு. பூட்டு தளர்வாக இருந்த சில வகைகள் சிறுநீரகம் பழுதானவர்களின் உடலில் அதிக நேரம் தங்கி, தோலையும் மூட்டுகளையும் இறுக்கும் கொடிய நோயைத் தந்தது 2006இல் வெளிச்சத்துக்கு வந்தது. இன்று வளையம்போல மூடிய, இறுக்கமான கொடுக்குகளையே மருத்துவர்கள் விரும்புகிறார்கள்.

இனி, கவலைக்குரிய பக்கம். 'உடலில் உள்ள நச்சு உலோகங்களை எல்லாம் வெளியேற்றுகிறோம்' என்று சொல்லிக் கீலேஷனை விற்கும் இடங்கள் உலகெங்கும் இருக்கின்றன. அங்கே பெரும்பாலும் ஒரு சிறுநீர்ச் சோதனையில் தொடங்குவார்கள். முதலில் கீலேஷன் மருந்தைக் கொடுத்து, பிறகு சிறுநீரில் உலோகத்தை அளப்பார்கள். எல்லோர் உடலிலும் சிறிதளவு ஈயமும் பாதரசமும் இருக்கும். கொடுக்கை உள்ளே விட்டால் யாருக்கானாலும் சிறுநீரில் உலோகம் ஏறத்தான் செய்யும். அந்த எண்ணை, மருந்து எடுக்காதவர்களின் இயல்பான அளவோடு ஒப்பிட்டு, 'பாருங்கள், எவ்வளவு அதிகம்' என்பார்கள். இந்தச் சோதனைக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று அமெரிக்க மருத்துவ நச்சியல் கல்லூரி அறிக்கையே வெளியிட்டிருக்கிறது. நன்றாக இருக்கும் ஒருவரை நோயாளியாக்கிக் காட்டும் சோதனை இது.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோர்கள் இந்த வலையில் அதிகம் சிக்கினார்கள். பாதரசம்தான் காரணம் என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. அதற்கு ஆதாரம் இல்லை. கீலேஷனால் ஆட்டிசம் குறைந்ததற்கும் ஆதாரம் இல்லை. 2003 முதல் 2005 வரை அமெரிக்காவில் கீலேஷன் சிகிச்சையில் மூன்று பேர் இறந்ததை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2006இல் பதிவு செய்தது. இரண்டு பேர் குழந்தைகள். ஒன்று ஈய நச்சுக்குச் சிகிச்சைக்கு வந்த குழந்தை, இன்னொன்று ஆட்டிசத்துக்காக. இருவருக்கும் ஏற்றப்பட்டது கால்சியம் நிரப்பாத டைசோடியம் ஈடிடிஏ. பெயரில் ஒரே ஒரு சொல் குறைவு. ஊதா மூடிக் குழாயில் நடப்பதே அந்தப் பிஞ்சு உடல்களில் நடந்தது: கொடுக்கு கால்சியத்தை அள்ளிவிட்டது, கால்சியம் இல்லாமல் இதயம் துடிப்பதை நிறுத்திவிட்டது. கடையில் நேரடியாகக் கீலேஷன் பொருள்களை விற்ற எட்டு நிறுவனங்களுக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2010இல் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது.

கடைசியாக, இதய நோய். ரத்தக்குழாய் அடைப்பில் கால்சியம் இருக்கிறது, ஈடிடிஏ அதைக் கரைத்துவிடும் என்ற யோசனை 1950களிலேயே எழுந்தது. கேட்கும்போது நியாயமாகத்தான் படும். ஆனால் அடைப்பு என்பது கொழுப்பும் அழற்சியும் தழும்பும் கலந்த ஒன்று, குழாயில் படிந்த உப்பு மாதிரி இல்லை. இருந்தும் பல பத்தாண்டுகளாக ஆயிரக்கணக்கானவர்கள் இந்தச் சிகிச்சையை எடுத்துவந்ததால், ஒழுங்காகச் சோதித்துவிடுவது என்று முடிவெடுத்தார்கள். மாரடைப்பு வந்து பிழைத்த 1,708 பேர். 40 முறை மருந்து ஏற்றல், ஒவ்வொரு முறையும் மெதுவாக, மணிக்கணக்கில். 2013இல் வந்த முடிவு பலரையும் திகைக்கவைத்தது. இறப்பு, மறு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றைச் சேர்த்துப் பார்த்தபோது, மருந்து எடுத்தவர்களில் 26 சதவீதம் பேருக்கும், போலி மருந்து எடுத்தவர்களில் 30 சதவீதம் பேருக்கும் பாதிப்பு. சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் பலன் இன்னும் பெரிதாகத் தெரிந்தது. கால்சியத்தை விட்டுவிட்டு, ஈயத்தையும் காட்மியத்தையும் எடுப்பதால்தான் பலனோ என்று புதிய விளக்கமும் வந்தது.

அந்த முடிவை அப்படியே கொண்டாடிவிடாமல், இன்னொரு முறை சோதித்தார்கள் என்பதில் எனக்கு மிகுந்த மரியாதை. மாரடைப்பு வந்த, சர்க்கரை நோயும் உள்ள சுமார் ஆயிரம் பேரிடம் இரண்டாவது ஆய்வு நடந்தது. 2024இல் முடிவு வெளியானது. மருந்து எடுத்தவர்களின் ரத்த ஈயம் 61 சதவீதம் குறைந்திருந்தது. பாதிப்பு ஏற்பட்டவர்கள் மருந்து எடுத்த குழுவில் 35.6 சதவீதம், போலி மருந்து எடுத்த குழுவில் 35.7 சதவீதம்.